ஊன்றுகோலுக்கு எதுக்குங்க பேட்டரி?

மறுபடியும் புராஜெக்ட் சீசன் வந்தாச்சு. ஜீரோத் ரிவ்யூவுக்கு டைட்டில் தேடி எல்லாரும் அலைகிற நேரம். டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் பட்டியலை ஒரு முறை நிதானமா படிச்சுப் பாருங்க. ‘முதியோருக்கான ஸ்மார்ட் வாக்கிங் ஸ்டிக்’ என்று ஒன்றாவது இருக்கும். போன வருஷமும் இருந்தது. அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு டீம். எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிபிதான்: ஒரு அலுமினியத் தடி, ஒரு ஆர்டுயினோ, முன்னால் பார்க்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு பஸ்ஸர், விழுந்தால் எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல். ரிட்சி ஸ்ட்ரீட்டில் இன்னும் ஆயிரம் ரூபாய் செலவு பண்ணத் தயாரான டீம் என்றால் ஜிபிஎஸ்ஸும் ஒரு எல்இடி டார்ச்சும் கூடுதல்.

நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. தடுமாறி நடப்பவர்களுக்கு ஏதாவது செய்யணும்னு இருபது வயசுல தோணுவதே நல்ல விஷயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கீழே விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். விபத்துக் காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பிரச்சினை பெரிசுதான், சந்தேகமில்லை. என் சண்டை அந்தத் தடியோடு. அதை யாருக்காகச் செஞ்சீங்க என்று கேட்டால் எந்த டீமிடமும் நேரான பதில் வருவதில்லை.

அல்ட்ராசோனிக் சென்சார் வைத்த தடிக்கு நியாயமான ஒரு சொந்தக்காரர் உண்டு. பார்வையற்றவர். வெள்ளைக்கோல் தரையில் இருப்பதைச் சொல்லும். நெஞ்சு உயரத்தில் திறந்து கிடக்கும் ஜன்னல் கதவையோ, நிறுத்தி வைத்த லாரியின் பின்பக்கத்தையோ அதனால் சொல்ல முடியாது. அந்தக் குறையை நிரப்பத்தான் ஐஐடி டெல்லியில் ‘ஸ்மார்ட்கேன்’ உருவாக்கினார்கள். 2014-ல் வெளிவந்தது, தயாரித்தது சென்னையில் இருக்கும் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். முழங்காலிலிருந்து தலை உயரம் வரை உள்ள தடைகளை அதிர்வு மூலம் கைக்குச் சொல்லும். அருமையான வேலை. ஆனால் வெள்ளைக்கோல் என்பது உடம்பு எடையை ஊன்றுவதற்கான பொருளே இல்லை. நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பார்வையற்றவருக்கான சென்சாரை மூட்டு வலிக்காரரின் தடியில் மாட்டி, அதை பேலன்ஸ் இல்லாத பெரியவர் கையில் கொடுக்கிறார்கள். அவருக்குக் கண் நல்லா தெரியுது. எதிரே சுவர் இருப்பது அவருக்கே தெரியும். சுவரைப் பிடிச்சுக்கத்தான் அவர் போய்க்கிட்டே இருக்கார். அந்த நேரம் பார்த்து தடி ‘பீப் பீப்’ என்று கத்தினால் என்ன அர்த்தம்?

எஸ்எம்எஸ் சமாச்சாரம் இன்னும் வேடிக்கை. தடியில் இருக்கும் ஆக்சிலரோமீட்டருக்குத் தடி விழுந்தது மட்டும்தான் தெரியும், ஆள் விழுந்தாரா என்பது தெரியாது. சுவரோரம் சாத்தி வைத்த தடி ஒரு நாளைக்கு எத்தனை தடவை விழும் என்று வீட்டில் வயசானவர்கள் இருக்கிறவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் வெளியூரில் இருக்கிற பையனுக்கு ‘உங்கள் தந்தை விழுந்துவிட்டார்’ என்று செய்தி போனால், நாலாவது நாள் அவர் அந்த நம்பரை மியூட்டில் போட்டுவிடுவார். அஞ்சாவது நாள் நிஜமாகவே விழுந்தால்?

இதெல்லாம் கிண்டல். கணக்குக்கு வருவோம், நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்கதானே. சாதாரண அலுமினியத் தடி ஒன்று சுமார் 350 கிராம், நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சீரான எடை கொண்ட குழாயாக எடுத்துக்கொண்டால், கைப்பிடியை அச்சாக வைத்து வீசும்போது அதன் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா சுமார் 0.095 கிலோ-சதுர மீட்டர். இப்போது போர்டு, பேட்டரி, சென்சார், பெட்டி எல்லாம் சேர்த்து 200 கிராமை, ‘சென்சார் தரையைப் பார்க்கணும்’ என்று கைப்பிடியிலிருந்து 75 செ.மீ. கீழே மாட்டுகிறோம். கூடுவது 0.11. எடை அறுபது சதவீதம்கூட ஏறவில்லை, ஆனால் வீசுவதற்கான சிரமம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. தடுமாறும் நேரத்தில் தடியைச் சட்டென்று வேறு இடத்தில் ஊன்ற வேண்டும். அந்தக் கணத்தில் தடி கைக்கு வராமல் பின்தங்கினால் தடி இருந்தும் இல்லாத மாதிரிதான். பெட்டியை மேலே, கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் போய்விடும். நான் பார்த்த எந்த மாடலிலும் மேலே இல்லை.

இன்னொரு விஷயம், கவனம். 1997-ல் லான்செட் இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு சின்னக் கட்டுரை போட்டார்கள். முதியவர்களோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தபோது, பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்கள்தான் பின்னாடி அதிகமாக விழுந்தார்கள். நமக்கு நடப்பது தானாக நடக்கிற வேலை. பேலன்ஸ் குறைந்தவருக்கு ஒவ்வொரு அடியும் யோசித்து வைக்கிற அடி. அந்த யோசனையில் பங்கு கேட்கும் பஸ்ஸரையும் வைப்ரேட்டரையும் கொண்டுபோய் அவர் கையிலேயே வைக்கலாமா?

சரி, அப்போ தடி உண்மையில் என்னதான் செய்கிறது? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. செகண்ட் செமஸ்டர் மெக்கானிக்ஸ் போதும்.

முதலில் இடுப்பு மூட்டு. ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில், அந்தக் காலின் இடுப்பு மூட்டுதான் நெம்புகோலின் ஆதாரப் புள்ளி. 60 கிலோ ஆளுக்கு அந்தக் கால் போக மீதி உடம்பு சுமார் 50 கிலோ; அது மூட்டிலிருந்து 10 செ.மீ. உள்ளே தள்ளித் தொங்குகிறது. அதைச் சரிய விடாமல் வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைக்குக் கிடைப்பது 5 செ.மீ. கைதான். ஆக தசை 100 கிலோ இழுக்கணும். மூட்டின் மேல் மொத்தம் 150 கிலோ. இப்போது எதிர்ப்பக்கக் கையில் ஒரு தடி. மூட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி, வெறும் 5 கிலோ அழுத்தம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தசை இழுக்க வேண்டியது 50 கிலோ ஆகிறது, மூட்டுச் சுமை 95 கிலோ. அஞ்சு கிலோ கொடுத்து அம்பத்தஞ்சு கிலோ வாங்கியிருக்கிறோம்! இந்த மாதிரி விசைக் கணக்கை ஜெர்மன் எலும்பு மருத்துவர் பாவெல்ஸ் 1930-களிலேயே போட்டுவிட்டார். அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுன்ட் 1956-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘கைத்தடியைத் தூக்கி எறியாதீர்கள்’ என்பதுதான். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடி பிடிக்கணும் என்பதற்கும் இதே கணக்குதான் காரணம். ‘ஹவுஸ்’ சீரியல் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள், வலது கால் கெட்டுப்போன அந்த டாக்டர் தடியையும் வலது கையில்தான் வைத்திருப்பார். அவ்வளவு பெரிய டாக்டர்!

ஆனால் இது மூட்டு வலிக்காரர் கதை. நாம் பேசுவது பேலன்ஸ் இல்லாதவர்களைப் பற்றி. அவர்களுக்குத் தடி செய்கிற வேலை வேறு. கால்களோடு மூன்றாவதாக ஒரு புள்ளி தரையில் சேர்வதால் நிற்கும் பரப்பு விரிகிறது, இது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரியாத வேலை ஒன்று இருக்கிறது.

இதை நீங்களே செஞ்சு பாருங்க, பக்கத்துல ஒரு நண்பனை நிறுத்திக்கிட்டு. ஒரு காலின் குதிகாலுக்கு நேர் பின்னால் மற்ற காலின் விரல்கள் படுகிற மாதிரி நின்று கண்ணை மூடுங்கள். ஆடுவீர்கள். இப்போது ஆட்காட்டி விரல் நுனியைச் சுவரில் மெல்ல வையுங்கள். அழுத்த வேண்டாம், சும்மா தொட்டால் போதும். ஆட்டம் சட்டென்று குறையும். 1994-ல் ஜெகா, லாக்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். விரல் கொடுத்த விசை ஒரு நியூட்டனுக்கும் கீழே, அதாவது நூறு கிராம் எடை அளவுக்கும் குறைவு. அது யாரையும் தாங்கிப் பிடிக்கிற விசை இல்லை. ஆனாலும் வேண்டிய அளவு அழுத்திக்கொள் என்று விட்டபோது எவ்வளவு ஆட்டம் குறைந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு இதிலும் குறைந்தது. காரணம், விரல்நுனித் தோல் ‘உடம்பு இந்தப் பக்கம் சாயுது’ என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது; கால் தசைகள் திருத்திக்கொள்கின்றன. ஜெகா பிறகு கைத்தடியை வைத்தும் இதையே எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போனவருக்குத் தரையிலிருந்து வர வேண்டிய செய்தி பாதி வருவதில்லை. தடி அந்தச் செய்தியைக் கை வழியாகக் கொண்டுவருகிறது. அதாவது தடியே ஒரு சென்சார். பேட்டரி கிடையாது, கோட் கிடையாது, டிலே கிடையாது. நாம் அதன் மேல் இன்னொரு சென்சாரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிப் பார்த்தால் டிசைன் முடிவுகளே மாறிவிடும். ‘சொகுசா இருக்கட்டும்’ என்று கைப்பிடியில் தடிமனா ஸ்பாஞ்ச் சுற்றுவது, உள்ளே ஸ்பிரிங் வைத்து அதிர்ச்சியைக் குறைப்பது எல்லாம் மணிக்கட்டு வலி உள்ளவருக்குச் சரியாக இருக்கலாம். பாதம் மரத்தவருக்கு அது காதில் பஞ்சை அடைப்பது மாதிரி. உயரம் மாற்றும் இடத்தில் குழாய்கள் லொடலொட என்று ஆடும் தடிகளும் அப்படித்தான். அந்த ஒரு ஜாயின்ட்டை ஆட்டமில்லாமல், வயசானவர் விரலால் திருகக்கூடிய மாதிரி வடிவமைப்பதே முழு மெக்கானிக்கல் புராஜெக்ட். கூடவே அந்த ஓட்டைகளின் இடைவெளி. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் கைப்பிடியின் உயரம்; பிடித்தால் முழங்கை 15 முதல் 30 டிகிரி வரை மடங்கணும். வெளிநாட்டுப் புத்தகங்கள் ‘செருப்போடு அளவெடு’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். நம்ம வீடுகளில் உள்ளே வெறுங்கால், வாசல் தாண்டினால் செருப்பு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ரெண்டு உயரம். இதை யாராவது ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட்டாக எழுதியிருக்கிறீர்களா?

எனக்குப் பிடித்த பாகம் ரப்பர் புஷ். தடியின் அடியில் இருக்கும் அந்தக் கறுப்புக் குப்பி. வள்ளுவரே 415-வது குறளில் ஊன்றுகோலை நினைத்தது வழுக்கும் நிலத்தில்தான். தடியின் முதல் பரீட்சை வழுக்குவது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் மறந்துபோச்சு. விசை தடியின் நீளவாக்கில் போகிறது என்று எடுத்துக்கொண்டால், செங்குத்திலிருந்து தடி சாயும் கோணத்தின் டேன் மதிப்பு உராய்வு எண்ணைத் தாண்டினால் தடி வழுக்கும். உராய்வு எண் 0.5 என்றால் 26 டிகிரி வரை சாய்க்கலாம், கவலையில்லை. தேய்ந்து வழவழவென்று ஆன புஷ், ஈரமான டைல்ஸ், உராய்வு 0.2 ஆகிவிட்டது என்று வையுங்கள். 11 டிகிரிதான். 85 செ.மீ. தடிக்கு அடிமுனை 17 செ.மீ. தள்ளிப் போனால் முடிந்தது, ஒரு சாண்கூட இல்லை. தண்ணி தெளித்த வாசல், அலசி விட்ட பாத்ரூம், விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட ஹால், மழை நாளில் கோயில் பிரகாரத்துக் கல் என்று நம் ஊரில் இதற்கெல்லாம் பஞ்சமே இல்லை.

தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது இன்னொரு சிக்கல். தடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. பைக் டயரில் தேய்மானத்தைக் காட்ட ஒரு சின்ன மேடு இருக்குமே, அந்த யோசனையை இங்கே கொண்டுவரலாம். வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு என்று இரண்டு அடுக்கு ரப்பர். சிவப்பு தெரிந்தால் மாற்று. தாத்தாவுக்குக் கண் தெரியாவிட்டாலும் பேத்தி கண்டுபிடித்துச் சொல்லிவிடும். மோல்டு செய்யச் செலவு அதிகமில்லை, ரப்பர் கலவையை மாற்றி மாற்றி வைத்து ஈர டைல்ஸில் இழுத்துப் பார்க்க ஒரு ஸ்பிரிங் பேலன்ஸ் போதும்.

விழுந்த தடியைப் பற்றியும் சொல்லணும். எங்க அப்பத்தாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது நடக்கும்போது இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், சரிந்து விழுந்த தடியை எடுக்கக் குனிந்திருக்கிறார். “நடக்கையில ஒண்ணும் ஆகலைய்யா, கம்ப எடுக்கக் குனிஞ்சேன், அம்புட்டுதான்” என்று ஆஸ்பத்திரியில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் தனியாக வாசலுக்கு வந்து உட்காரவே இல்லை. தலையைத் தாழ்த்தினாலே கிறுகிறுக்கும் ஒருவரைத் தரைவரை குனிய வைக்கிற பொருள் இது. கட்டில் சட்டத்திலோ மேசை விளிம்பிலோ மாட்டிக்கொள்ள ஒரு கிளிப், அல்லது காலால் மிதித்தால் எழுந்து கைக்கு வருகிற மாதிரி அடிமுனை, அல்லது வெறும் ஒரு மணிக்கட்டுக் கயிறு. பழைய வளைந்த கைப்பிடியின் பெருமையே அதுதான், முழங்கையில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பஸ் கம்பியைப் பிடிக்கலாம். எடை தடிக்கு நேர்மேலே இறங்காது என்பது அதன் குறை. கழுத்து வளைந்த கைப்பிடி அந்தக் குறையைச் சரிசெய்தது, ஆனால் மாட்டுகிற வசதி போச்சு. ரெண்டும் சேர்ந்த ஒன்று ஏன் வரக்கூடாது?

‘அதான் நாலு கால் தடி தானா நிக்குதே’ என்பீர்கள். நிற்கும். ஆனால் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட்டால்தான் அதற்கு மதிப்பு. வீட்டு மொசைக்கில் சரி. பாவு கல் பெயர்ந்த நடைபாதையில் மூணு காலில் ஆடும். படிக்கட்டின் அகலம் அதற்குப் பத்தாது. கனடாவைச் சேர்ந்த பாடெனி, மாக்கி இருவரும் 2005-ல் எழுதிய ஒரு ஆய்வுத் தொகுப்பில், நடை உதவிக் கருவிகளே சில நேரம் பக்கவாட்டில் எடுத்து வைக்க வேண்டிய காலைத் தடுத்துவிடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். பெரிய அடிப்பாகம் என்றால் காலில் இடற வாய்ப்பும் பெரிசு.

வெட்கத்தைப் பற்றிக் கொஞ்சம். தடி பிடித்த ஆள் என்றால் நமக்குக் காந்தியும் பெரியாரும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனாலும் ‘கம்பு ஊன்ற ஆரம்பிச்சா கிழடுன்னு ஊரே சொல்லும்’ என்று தடியை மூலையில் வைத்துவிட்டு, வெயில் மழை இல்லாத நாளிலும் நீளக் குடையை ஊன்றிப் போகிற பெரியவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். குடையின் இரும்பு முனை டைல்ஸில் எப்படி வழுக்கும் தெரியுமா? குடைக்கு ஒரு நல்ல புஷ் செஞ்சு கொடுத்தாலே போதும். நீலக் கலர் பெட்டியும் வயர்களும் தொங்குகிற தடியை அவர் ஊருக்குள் கொண்டுபோவார் என்று நினைப்பது நம் ஆசை.

எலெக்ட்ரானிக்ஸே கூடாது என்று சொல்ல வரவில்லை. பார்கின்சன் நோயில் சிலருக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். அப்போது எதிரே தரையில் ஒரு கோடு தெரிந்தால் அதைத் தாண்டுவதுபோல் அடி எடுக்க முடிகிறது. தடியிலிருந்து லேசர் கோடு போடுவது அதனால் நியாயமான பேட்டரி. நோய் தெரிந்து, தேவை தெரிந்து வைத்தது.

இதையெல்லாம் சொன்னால் வருகிற பதில் எனக்குத் தெரியும். “ரப்பர் புஷ்ஷை டைட்டிலா வச்சா பேனல்ல ‘இதுல நாவல்ட்டி எங்கப்பா?’ன்னு கேப்பாங்க.” கேட்பாங்கதான். எல்இடி எரிந்தால் டெமோ, ரப்பர் வழுக்காமல் நின்றால் அதில் பார்க்க என்ன இருக்கு என்கிற மனநிலை மாணவர்களிடம் மட்டும் இல்லை. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். இசிஇ நண்பர்களே, உங்கள் சென்சாரைத் தடியில் வையுங்கள். விற்கிற தடியில் இல்லை, சோதிக்கிற தடியில். அடியில் ஒரு லோட் செல், ஆளின் இடுப்பில் ஒரு ஐஎம்யு. ஒருவர் தடியில் உண்மையில் எத்தனை கிலோ ஊன்றுகிறார், ஸ்பாஞ்ச் கைப்பிடியில் உடம்பு எவ்வளவு ஆடுகிறது, கெட்டிக் கைப்பிடியில் எவ்வளவு என்று வரைபடம் போடுங்கள். அந்த வரைபடத்தைக் காட்டினால் எந்தப் பேனலும் வாயைத் திறக்காது. அளந்து முடித்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, எடை குறைந்த தடியை மட்டும் கொடுங்கள்.

சோதனைக்கு ஹாஸ்டல் நண்பனை நடக்க வைத்து வீடியோ எடுப்பது கணக்கில் சேராது. அவனுக்குத் தடியே தேவையில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கைடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், கல்லூரி எத்திக்ஸ் கமிட்டியில் அனுமதி வாங்குங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி என்று பார்க்கும் எளிய சோதனை 1991-லிருந்து இருக்கிறது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. நாற்காலி, டேப், ஸ்டாப்வாட்ச், விழுந்தால் பிடிக்கப் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு ஆள். இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது லேபிலிருந்து ஒரு வெர்னியரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் தடி இருந்தால் திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மொழுக்கென்று இருந்தால், குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். 16, 19, 22, 25 மி.மீ. என்று சர்ஜிக்கல் கடையில் புஷ் கிடைக்கும். தளர்வாக இருக்கிறதே என்று உள்ளே பேப்பர் சுருட்டி வைக்க வேண்டாம், சரியான அளவையே கேளுங்கள்.